இடது பக்கத்துப் புனல்

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு தம்புசாமி கடை வாசலில் இருக்கும் கார்டு போனை யாரும் தொட மாட்டார்கள். அப்படி ஒரு சட்டம் எங்கும் எழுதி ஒட்டப்படவில்லை. சிம்பாங் அம்பாட்டில் அந்தத் தாமான் குடியிருப்பின் அறுபது வீட்டுக்காரர்களுக்கும் அது காந்தனின் நேரம் என்று தெரியும், அவ்வளவுதான்.

மூன்றே முக்காலுக்குக் குளித்து, தலையைப் படிய வாரி, பௌடர் போட்டு, சட்டையைப் பேண்டுக்குள் விட்டுக்கொண்டு வருவான். பேசப்போவது போனில். எதிரில் நிற்கப்போவது தம்புசாமியின் உருளைக்கிழங்கு மூட்டை. அதற்கு எதற்குப் பௌடர் என்று எதிர்வீட்டுக் குஞ்சம்மா கேட்டது நியாயமான கேள்வி. காந்தனுக்கு முப்பத்து மூன்று வயது, சுங்கை ஊடாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் குழாய் பொருத்துகிற வேலை, நல்ல சம்பளம், அம்மா அன்னம்மாவைத் தவிர வீட்டில் வேறு ஆள் இல்லை. இப்படிப்பட்டவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்றால் அது அவன் சொந்த விஷயமாக இருக்க முடியாது, தாமானின் பொது விஷயம்.

போனில் அவன் பேசுவதைக் கேட்டால்தான் தம்புசாமிக்குக் குழப்பம் அதிகமாகும். வெங்காயம் பொறுக்குகிற மாதிரி மூட்டைக்குப் பின்னால் குனிந்துகொண்டு கேட்பார்.

"ராகினியா?... நான்தான்... ஏழு."

அந்தப் பக்கத்தில் ஏதோ கேட்கிறாள் போலிருக்கும்.

"ஆமா, போன வாட்டி ஆறு. இந்த வாட்டி ஏழு. ஏழாவதுலதான் பெடல் இறங்கிச்சு... ம். பசியாறிட்டேன். நீ?... சரி. வச்சிடவா?"

வைத்துவிட்டு, வைத்த போனையே கொஞ்சம் பார்த்துக்கொண்டு நிற்பான். பிறகு கார்டை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடப்பான். ஆரம்பத்தில் தம்புசாமி இதை வேறு மாதிரி நினைத்துவிட்டார். ஆறு என்கிறான், ஏழு என்கிறான், யாரோ ஒரு பெண் குறி சொல்கிறாள் போலிருக்கிறது என்று அந்த எண்களைச் சேர்த்து இரண்டு வாரம் லாட்டரி நம்பர் எழுதிப் பார்த்தார். ஒன்றும் அடிக்கவில்லை. அப்புறம்தான் விசாரிக்க ஆரம்பித்தார்.

விசாரித்ததில் தெரிந்தது இது.

ராகினி பக்கத்துத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த தங்கராஜுவின் மகள். பாசிர் கூடாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், பொருளைக் கையில் எடுத்துச் சரி, சரியில்லை என்று பிரித்துப் போடுகிற வேலை. கண்ணாடி போட்டிருப்பாள். அதிகம் பேச மாட்டாள். சொந்தக்காரர் கல்யாணம் ஒன்றில் பந்தி பரிமாறும்போது காந்தனும் அவளும் பேசிக்கொண்டதில் ஆரம்பித்தது. காந்தனுக்கு ஏற்கனவே பாசிர் கூடாங்கில் இன்னொரு காதல் இருந்தது. அங்கே பந்தயக் கார்கள், இவர்கள் பாஷையில் காடிகள், ஓடுகிற டிராக் இருக்கிறது. சில ஞாயிற்றுக்கிழமைகளில், சொந்தக் காடி வைத்திருக்கிற சாதாரண ஆட்கள் பேர் கொடுத்து ஓட்டிப் பார்க்கலாம். 'டிராக் டே' என்பார்கள். பந்தயம் கிடையாது, பரிசு கிடையாது. ஒரு தடவைக்கு இருபது நிமிடம், பத்துச் சுற்று. காந்தனின் காடி வெள்ளை நிறப் பழைய சாகா மாடல். "காடி ஓட்டப் போறேன்னு சொல்லிட்டுப் பொண்ணு பாக்கப் போறான்" என்று குஞ்சம்மா சொன்னாள். அவன் உண்மையில் இரண்டுக்கும்தான் போனான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தொண்ணூற்று நாலில், ராகினியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு டிராக்கில் இறங்கினான். மூன்று சுற்று நன்றாகத்தான் போனது. அவளே சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். மூன்றாவது முடிகிறபோது ஏதோ தீய்கிற வாசனை வந்தது. "போதும், காந்தன்" என்றாள்.

"இன்னும் ஒரு சுத்துதான் லா."

அந்த ஒரு சுற்றில்தான், நேர்ச் சாலை முடிந்து வளைவு வருகிற இடத்தில், பிரேக்கை மிதித்த கால் சேற்றில் இறங்குகிற மாதிரி தரை வரைக்கும் போனது. காடி நிற்கவில்லை. புல்லைத் தாண்டி, சரளைக் கல்லுக்குள் புகுந்து, டயர் அடுக்கிய சுவருக்கு ஒரு கை தூரத்தில் புழுதியோடு நின்றது. ராகினி கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவால் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். கதவைத் திறந்து இறங்கினாள். சரளையில் சறுக்கிச் சறுக்கி நடந்து வெளிவாசல் வரைக்கும் போனவள், பின்னாலேயே ஓடி வந்தவனைத் திரும்பிப் பார்த்து, "நிக்காத காடியில நான் ஏற மாட்டேன்" என்றாள். பஸ் வந்தது. போய்விட்டாள்.

வேறு ஒருவனாக இருந்தால் மன்னிப்புக் கேட்டு நாலு கடிதம் எழுதியிருப்பான். காந்தன் பொருத்துகிற வேலைக்காரன். காடி நிற்கவில்லை என்று குறை சொன்னாளா, சரி, நிற்க வைக்க வேண்டும் என்று புரிந்துகொண்டான். காடிக்குள் அவள் சொன்ன 'போதும்' அவனுக்கு ஞாபகமே இல்லை. வாசலில் சொன்னது மட்டும் எழுத்து எழுத்தாக ஞாபகம் இருந்தது.

மூன்று மாதம் அவள் போனுக்கு வரவில்லை. அறைத்தோழி எடுத்து "அவங்க இல்ல" என்பாள். நாலாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே எடுத்துவிட்டாள். காந்தன் தனக்குத் தெரிந்ததைச் சொன்னான்.

"பிரேக் எண்ணெய மாத்திட்டேன். பேடும் நல்லதாப் போட்டிருக்கேன். இப்ப அஞ்சு சுத்து நிக்குது."

கார்டில் காசு மட்டும் கரைந்துகொண்டிருந்தது.

"பத்து சுத்து ஓட விடுவாங்கன்னு சொன்னீங்களே?" என்றாள் கடைசியில்.

"ஆமா."

"அப்ப பத்து ஆகட்டும்."

அன்றிலிருந்துதான் நாலு மணிக் கணக்கு. அதை வைத்துத்தான் தம்புசாமி நம்பர் எழுதினார்.

ஐந்திலிருந்து பத்து என்றால் சுலபமாகப் படும். ஆனால் பிரேக் பிடிக்கிறபோது காடியின் வேகமெல்லாம் சூடாக மாறிச் சக்கரத்துக்குள் இருக்கிற இரும்புத் தட்டில் ஏறுகிறது. ரோட்டில் அந்தச் சூடு ஆற நேரம் கிடைக்கும். டிராக்கில் கிடைக்காது. தட்டு காய்ந்து, பக்கத்திலிருக்கிற பிரேக் எண்ணெய் கொதித்து, குமிழி விட்டுவிட்டால் பெடலை எவ்வளவு மிதித்தாலும் காற்றைத்தான் மிதிக்க வேண்டும். ஆகவே தட்டை ஆற்ற வேண்டும். ஆற்றுவதற்குக் காற்று வேண்டும். இது காந்தனுக்குப் புரிந்துவிட்டது. காற்றை எங்கே, எப்படி விடுவது என்று புரியத்தான் ஒன்றரை வருஷம் ஆனது.

முதலில் சக்கரத்துக்குப் பின்னால் மறைத்துக்கொண்டிருந்த தகரத்தைக் கழற்றி எறிந்தான். ஆறு சுற்று. பிறகு துணி துவைக்கிற மெஷினின் ஓஸ் வாங்கி, முன் பம்பரிலிருந்து இழுத்துத் தட்டின் பக்கவாட்டில் ஊதுகிற மாதிரி கட்டினான். இரண்டாவது சுற்றிலேயே ஓஸ் உருகி, டிராக்கில் பிளாஸ்டிக் கஞ்சி காய்ச்சினான். ஒரு பக்கம் மட்டும் காற்றுப் பட்டதில் தட்டு கோணிக்கொண்டது. சிம்பாங் அம்பாட் திரும்பி வருகிற வரைக்கும் ஸ்டீயரிங் சாமி வந்த மாதிரி ஆடியது. அன்னம்மா அதைப் பார்த்துவிட்டுத் திருநீறு எடுத்து வந்து ஸ்டீயரிங்குக்குப் பூசினாள்.

அப்புறம்தான் காற்றைத் தட்டின் முகத்தில் அடிக்கக் கூடாது, நடு மையத்துக்குக் கொண்டுபோய் விட வேண்டும், நடுவில் சந்து விட்ட தட்டாக இருந்தால் சுழல்கிற வேகத்தில் அதுவே காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் என்று கண்டுபிடித்தான். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வருகிற பழைய காடிகளை விற்கிற இடத்தில் அப்படிப்பட்ட தட்டு ஒரு ஜோடி தேடிப் பிடித்தான். பழைய இரும்புக் கடையில் கம்பிச்சுருள் வைத்துத் தைத்த, சூடு தாங்குகிற துணி ஓஸ் கிடைத்தது. எல்லாம் சரி. காற்றை வாங்கி ஓசுக்குள் அனுப்ப அகலமான வாய் வேண்டுமே?

அன்னம்மாவிடம் எண்ணெய் ஊற்றுகிற எவர்சில்வர் புனல் இரண்டு இருந்தன. இருந்தன என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு சனிக்கிழமை அவள் நல்லெண்ணெய் டின்னைத் திறந்து வைத்துக்கொண்டு அடுப்படி முழுக்கத் தேடினாள். கடைசியில் வாசலுக்கு வந்தால், மகனுடைய காடியின் முன் பம்பருக்குக் கீழே, இடது பக்கம் ஒன்று வலது பக்கம் ஒன்று, வாலை அறுத்துப் பொருத்தியிருந்தது. வெயிலில் பளபளவென்று மின்னியது.

"டேய், என் புனல்டா!"

"காத்து வாங்கம்மா."

"காத்து வாங்க ஜன்னல் இல்லயா ஒனக்கு?"

எதிர்வீட்டிலிருந்து குஞ்சம்மா இதைக் கேட்டுவிட்டு, அன்னம்மாவீட்டுக் காடி இனிமேல் நல்லெண்ணெயில்தான் ஓடுமாம் என்று தாமான் முழுக்கச் சொல்லி முடித்தபோது மணி பதினொன்றுகூட ஆகவில்லை.

புனல் வந்த பிறகு எட்டு. ஓசின் வளைவைச் சரிசெய்த பிறகு ஒன்பது. வேலையிடத்தில் வெல்டர்கள் வைத்திருக்கிற, இத்தனை டிகிரிக்கு உருகும் என்று எழுதிய சாக்பீஸ் குச்சி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தான். பிரேக்கைப் பிடிக்கிற இரும்பு இடுக்கியின் மேல் கோடு போட்டுவிட்டு ஓட்டினால், இருநூறு டிகிரி தாண்டியதா இல்லையா என்று அந்தக் கோடே சொல்லிவிடும். கோடு உருகி மெழுகாக வழிந்திருந்தால் எண்ணெய் கொதிக்கப் போகிறது என்று அர்த்தம்.

இதற்குள் தம்புசாமி மூட்டையைப் போன் பக்கம் நகர்த்தி, எதிர்முனைக் குரலும் காதில் விழுகிற தூரத்துக்கு வந்திருந்தார். அப்போதுதான் ராகினி ஒரு ஞாயிறு சொன்னாள்: "தீபாவளிக்கு அப்பா வரச் சொல்றாரு. சிரம்பான்லேர்ந்து ஒரு ஆள் பாக்க வர்றாங்களாம். பேங்க்ல வேலையாம்."

காந்தன் "ஓ" என்றான். வெளியே லாரி ஒன்று போனது. அது போய் முடிகிற வரைக்கும் நின்றான். பிறகு, "ஓசுக்கு இன்னொரு கிளிப் போடணும், ஒன்பதாவதுல கொஞ்சம் கழண்டுக்குது" என்றான்.

மூட்டைக்குப் பின்னால் தம்புசாமி தலையில் அடித்துக்கொண்டார்.

"சரி, போடுங்க" என்று சொல்லிவிட்டு ராகினி வைத்துவிட்டாள். அன்றைக்குக் காந்தன் வீட்டுக்குப் போகாமல் கடை வாசல் பெஞ்சியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். தம்புசாமி கேட்காமலேயே பால் இல்லாத தேநீர், ஒரு தே ஓ, போட்டுக் கொடுத்தார். குடிக்கவில்லை. அது ஆறிப்போனது. காந்தன் மனசில் அவளிடம் சொல்ல எவ்வளவோ இருந்தது. பாசிர் கூடாங் போகிற ஒவ்வொரு தடவையும், டிராக்குக்குப் போகிற வழியை விட்டு அவள் தங்கியிருக்கிற வரிசைவீட்டுப் பக்கமாகச் சுற்றிப் போகிறான். மாடியில் காய்கிற துணியில் அவளுடைய மஞ்சள் துப்பட்டாவைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு நன்றாக ஓட்டுகிறான். இதையெல்லாம் போனில் எப்படிச் சொல்வது? எண் என்றால் சொல்லிவிடலாம். ஆறு. ஏழு. எட்டு. அவளும் எண்ணைத்தானே கேட்கிறாள்.

செப்டம்பர் கடைசியில் தனியாக ஓட்டிப் பத்துச் சுற்று முடித்தான். கோடு உருகவில்லை, பெடல் கல் மாதிரி நின்றது. நாலு மணிக்குப் போனை எடுத்தான்.

"பத்து."

"அடுத்த டிராக் டே எப்ப?"

"அடுத்த மாசம் மூணாவது ஞாயிறு. தீபாவளிக்கு முன்னாடி அதுதான் கடைசி."

"சரி. வர்றேன்."

"உக்காருவியா?"

"ஏன், இடது பக்கம் வேற யாராச்சும் உக்கார்றாங்களா?"

தம்புசாமியின் கையிலிருந்த எடைக்கல் தரையில் விழுந்தது. காந்தன் அதைக் கவனிக்கவில்லை. அவன் அந்தப் பக்கம் போன உடனே தம்புசாமி கடையை அப்படியே போட்டுவிட்டுக் குஞ்சம்மா வீட்டு வேலிக்குப் போனார். குஞ்சம்மா கையில் இருந்த துடைப்பத்தோடு அன்னம்மா வீட்டுக்குப் போனாள்.

"அன்னம்மாக்கா, ஒங்க மருமக வர்றா! காடியில ஏறப் போறாளாம்! இடது பக்கம்!"

"இடது பக்கம்தான்டி ஏறணும். ஓட்டுற எடத்துலயா ஏறுவா?" என்று அன்னம்மா சொன்னாளே தவிர, கண் கலங்கிவிட்டது. இரண்டு வருஷமாக அவள் கேட்காதது, கேட்கப் பயந்தது, வேலிக்கு மேலே வந்து விழுந்திருக்கிறது. போன தடவை அந்தப் பெண் ஏறியபோது என்ன நடந்தது என்பதும் அவளுக்குத் தெரியும். தாமானில் யாருக்குத்தான் தெரியாது? அவள் அடுத்த வெள்ளிக்கிழமையே மாரியம்மன் கோயிலுக்குப் போனாள்.

இவ்வளவும் காந்தனுக்குத் தெரியாது. அவனுக்கு மட்டும்தான் தெரியாது.

அந்த ஞாயிறு விடிகாலை எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு, குளித்து வந்து, காடியை எடுத்தான். நாலு சக்கரத்துக்கும் அடியில் வைத்திருந்த எலுமிச்சம்பழம் நசுங்கியது. வழக்கமாக வைப்பதுதான். அன்னம்மா வாசலில் நின்று, காடியின் இடது பக்கத்தையே பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். குஞ்சம்மா ஜன்னல் கண்ணாடிப் பட்டைகளைச் சாய்த்துவிட்டுப் பார்த்தாள். நெடுஞ்சாலையில் இரண்டரை மணி நேரம் காற்று புனல்களுக்குள் விர்ரென்று புகுந்துகொண்டே இருந்தது.

ராகினி வந்திருந்தாள். மஞ்சள் துப்பட்டா இல்லை, முடியை இறுக்கிக் கட்டி, ஒரு முழுக்கைச் சட்டை. இரண்டு வருஷத்தில் கொஞ்சம் மெலிந்திருந்தாள். காந்தன் 'வா' என்று சொல்ல வாயெடுத்து, "ஹெல்மெட் எடுத்தாந்திருக்கேன்" என்றான்.

அவள் உடனே ஏறவில்லை. தொழிற்சாலையில் பொருளைப் பார்க்கிற மாதிரி காடியைச் சுற்றி வந்து பார்த்தாள். பம்பருக்கு முன்னால் உட்கார்ந்து விரலால் தட்டினாள்.

"இது என்ன, புனலா?"

"அம்மாவோடது."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"இப்பத் தெரியும்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு இடது பக்கக் கதவைத் திறந்தாள். பந்தயக் காடியிலிருந்து கழற்றிய பெல்ட், கையால் இழுத்துத்தான் அளவு வைக்க வேண்டும். அவளே இழுத்து வைத்துக்கொண்டாள்.

ஒவ்வொரு சுற்று முடிந்து பார்வையாளர் மேடையைத் தாண்டும்போதும் அவள் சத்தமாக எண்ணினாள்.

"ஒண்ணு."

"ரெண்டு."

என்ஜின் இரைச்சலுக்கு மேலே, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, நேரில் கேட்கிற எண். இரண்டு வருஷம் கடை வாசலில் நின்று இவன் சொன்ன எண்களையெல்லாம் இப்போது அவள் திருப்பிக் கொடுக்கிறாள் என்று காந்தனுக்குத் தோன்றியது. இப்படியே பத்தைத் தாண்டியும் போகலாம், நூறுகூடப் போகலாம். "மூணு." அந்த வளைவு வந்தது. பிரேக் கல் மாதிரி பிடித்தது. காடி நின்று, திரும்பி, போனது. ராகினி கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டதை ஓரக்கண்ணால் பார்த்தான். "நாலு!" என்றபோது குரலில் ஒரு துள்ளல் இருந்தது.

ஐந்தாவதில் அதே வளைவில், மிதித்ததும் காடியின் மூக்கு லேசாக வலது பக்கம் இழுத்தது. ரோட்டு மேடு பள்ளமாக இருக்கும் என்று நினைத்தான். ஆறாவதில் இன்னும் பலமாக இழுத்தது. பெடலும் ஒரு விரல் கூடுதலாக இறங்கியது. வலது பிடிக்கிறது, இடது பிடிக்கவில்லை. இடது காய்கிறது.

"ஆறு."

இன்னும் நாலுதான். கொஞ்சம் முன்னாலேயே மிதித்து, ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தால் நாலு சுற்றை ஓட்டிவிடலாம். அவனால் முடியும். பத்து என்றுதானே சொன்னாள்? பத்துக்குத்தானே இரண்டு வருஷம்? ஆறில் நிறுத்தினால் மறுபடி கடை வாசல், உருளைக்கிழங்கு மூட்டை. இல்லை, அதுகூடக் கிடையாது. தீபாவளி வந்துவிடும். சிரம்பான்காரன் வந்துவிடுவான்.

நேர்ச் சாலையின் பாதியில், அவன் கால் ஆக்சிலேட்டரை விட்டுத் தானாக மேலே வந்தது.

கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பின்னால் வருகிறவர்களுக்குக் காட்டினான். பிரேக்கைத் தொடாமல், தட்டு ஆறட்டும் என்று மெதுவாக ஒரு சுற்று உருட்டிக்கொண்டு வந்து வெளியே நிறுத்தினான். சூட்டில் கைப்பிரேக் போடக் கூடாது, கியரில் விட்டான். எல்லாம் ஒழுங்காகச் செய்தான். பக்கத்தில் மட்டும் பார்க்கவில்லை.

"ஆறுதானே ஆச்சு?" என்றாள் ராகினி.

"போதும்."

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"இடது பக்கம் சரியில்ல. நீ உக்காந்திருக்கிற பக்கம்."

அவள் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். அந்தப் பார்வையை எதிரில் பார்த்திருந்தால் காந்தனுக்கு அப்போதே விஷயம் புரிந்திருக்கும். அவன்தான் அதற்குள் இறங்கி, ஜாக்கியை எடுத்து, இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்திவிட்டானே. தோற்றுப்போனவனுக்குக் கையில் ஏதாவது வேலை வேண்டும்.

சக்கரத்தைக் கழற்றினான். இடது பக்கக் கோடு உருகி வழிந்திருந்தது. வலது பக்கம் போய்ப் பார்த்தான். போட்ட சாக்பீஸ் கோடு அப்படியே உலர்ந்து இருந்தது. இது எப்படி? மறுபடி இடது பக்கம் வந்தான். அப்போதுதான் வாசனை வந்தது. பிரேக் தீய்கிற வாசனை இல்லை. கல்யாண வீட்டில் எலுமிச்சம்பழ சாதத்துக்குத் தாளிக்கிற வாசனை.

ஓசைக் கழற்றித் தலைகீழாக உதறினான். ஒன்றும் விழவில்லை. வளைவில் கையை விட்டு அமுக்கினான். ஏதோ உருண்டையாகத் தட்டுப்பட்டது. பிதுக்கிப் பிதுக்கிக் கொண்டுவந்ததும், மஞ்சள் துணி முடிச்சு ஒன்று அவன் உள்ளங்கையில் விழுந்தது. சுடச்சுட.

இருவரும் அதைப் பார்த்தார்கள். ராகினிதான் முடிச்சை அவிழ்த்தாள். வேப்பிலை சருகாகிப் போயிருந்தது. நடுவில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம், ஒரு பக்கம் பழுப்பேறி, வெந்து சுருங்கிக் கிடந்தது.

"அம்மாவா?"

"குளிக்கப் போனேன். அப்ப வச்சிருக்கணும். புனல் வாயிலதான் வச்சிருக்கும். ஹைவே காத்துல உள்ள போயிருச்சு." தலையில் கை வைத்துக்கொண்டான். "ரெண்டு வருஷம்... ஒவ்வொரு இஞ்சியும் அளந்து... ஒரு எலுமிச்சம்பழம்."

ராகினி பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வலது பக்கம் இல்லயா?"

"இல்ல."

"ஏன் இடது பக்கம் மட்டும்?"

காந்தன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். திறந்தபிறகுதான் அவனுக்கே புரிந்தது. காலையில் அம்மா எந்தப் பக்கத்தைப் பார்த்துக் கும்பிட்டாள் என்பது ஞாபகம் வந்தது.

"நீ உக்கார்ற பக்கம்" என்றான் மெதுவாக. "கோயில்ல ஒண்ணுதான் குடுத்திருப்பாங்க."

ராகினி முதலில் சிரிக்கவில்லை. மறுபடி முடிச்சைக் கட்டினாள், கட்டிக்கொண்டே இருந்தாள், பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். அக்கம்பக்கத்தில் காடி பார்த்துக்கொண்டிருந்த சீனப் பையன்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். காந்தன் குந்திய இடத்தில் அசையாமல் இருந்தான். கொஞ்சம் அசைந்தால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும் போல இருந்தது அவனுக்கு.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகு, "மத்தியானம் இன்னொரு தடவ விடுவாங்க" என்றான் அவசரமாக. "ஓஸ் காலியாயிருச்சு. எண்ணெய மாத்திட்டா பத்தும் ஓடும். நிச்சயமா ஓடும்."

"வேணாம்."

காந்தன் முகம் செத்துவிட்டது.

"இன்னிக்கு ஆறு போதும். மீதி நாலு இருக்கட்டும்."

"இருக்கட்டும்னா?"

"இருக்கட்டும்னா இருக்கட்டும்." முடிச்சைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். "அன்னிக்கு நான் போதும்னு சொன்னேன், ஞாபகம் இருக்கா?"

அவன் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாதவன். "இல்ல."

"தெரியும். அதான் ரெண்டு வருஷம்." அவள் குரலில் கோபம் இல்லை. "இன்னிக்கு நான் சொல்லவே இல்ல."

வெளிவாசல் வரைக்கும் கூட நடந்தான். பஸ் வருகிற வரைக்கும் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பஸ் தூரத்தில் தெரிந்ததும் அவள் சொன்னாள்: "தீபாவளிக்கு முந்தின நாள் வீட்டுக்கு வந்துருவேன். அப்பாகிட்ட வந்து பேசறதுக்கு இந்தப் பக்கம் யாராச்சும் இருக்காங்களா, இல்ல அன்னிக்கும் காடிக்கு அடியிலதான் படுத்திருப்பாங்களா?"

அவன் பதில் சொல்வதற்குள் ஏறிவிட்டாள். பஸ் திரும்புகிற வரைக்கும் பின் கண்ணாடியில் அவள் தலை தெரிந்தது. பிறகு கண்ணாடியில் வெயில் மட்டும் இருந்தது. "இருக்காங்க" என்று காந்தன் ரோட்டைப் பார்த்துச் சொன்னான்.

சிம்பாங் அம்பாட் வந்து சேர்ந்தபோது வெளிச்சம் இருந்தது. குஞ்சம்மா தன் வாசலை அன்றைக்கு மூன்றாவது தடவையாகப் பெருக்கிக்கொண்டிருந்தாள். ஞாயிறு சாயங்காலம் கடையை விட்டு நகராத தம்புசாமி, ஏதோ வேலையாக வந்த மாதிரி அன்னம்மாவீட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்னம்மா காடியின் முன்னால் வந்து, முதலில் புனலுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இருக்கா?"

"வெந்துருச்சு" என்றான் காந்தன்.

அன்னம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும்..."

"ஒண்ணும் ஆகல. நல்லாருக்கு."

"என்ன சொல்லுச்சு?"

வேலிக்கு அந்தப் பக்கம் துடைப்பச் சத்தம் நின்றது. தம்புசாமி மூச்சு விடுவதை நிறுத்திவிட்டார்.

ராகினி அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தனியாக ஓட்டிக்கொண்டு வந்ததில், காந்தனுக்கு அவள் சொல்லியிருக்கக்கூடியதையும் கேட்கிற பழக்கம் வந்துவிட்டிருந்தது.

"வச்சா ரெண்டு பழம் வைக்கணுமாம். ஓட்டுறவன் பக்கத்துக்கும் ஒண்ணு. அப்பத்தான் காடி நேராப் போவுமாம்."

அன்னம்மா ஒரு நிமிஷம் அதை மனசுக்குள் போட்டுப் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று குஞ்சம்மாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியவில்லை. அந்த வருத்தம் அவளுக்கு இன்னும் இருக்கிறது.

காந்தன் காடியைக் கழுவ ஆரம்பித்தான். சக்கரத்தில் ஒட்டிய கரியைத் தேய்த்தான், புனல்களைத் துடைத்தான், வலது பக்க இருக்கையைத் தட்டிப் பெல்ட்டைச் சுருட்டி வைத்தான். இடது பக்கக் கதவைத் திறந்துவிட்டு, கையில் துணியோடு நின்றான். அவள் இழுத்து வைத்த அளவிலேயே பெல்ட் கிடந்தது. எதையும் தொடாமல் கதவை மெல்லச் சாத்தினான்.

தீபாவளிக்கு இன்னும் மூன்று ஞாயிறு இருந்தது.